எக்ஸ்பிரஸ் அக்கா அழித்த வரி

பட்டாணி உரித்துக்கொண்டே அக்கா ஓரக்கண்ணால் கணினித் திரையைப் பார்க்கிறாள். திரையில் அவள் எழுதிய நிரலுக்கான சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்று தேறும்போதும் ஒரு பச்சைப் புள்ளி விழும். பச்சை விழ விழ விரல்கள் வேகமெடுக்கும். நடுவில் ஒரு சிவப்பு வந்துவிட்டால் பட்டாணி பாத்திரத்துக்கு வெளியே போய் விழும். "இப்ப உனக்கு எங்கடா வலிக்குது?" என்று திரையைக் கேட்டுவிட்டு, தோளில் கிடக்கும் துண்டில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே நாலு எழுத்தைத் தட்டுவாள். சோதனைகள் மறுபடி முதலிலிருந்து ஓடும். இவள் பட்டாணிக்குத் திரும்புவாள்.

கணினி இருப்பது சமையலறை மேடையில், அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே. தண்ணீர் தெறிக்காமலிருக்க விசைப்பலகையின் மேல் ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை. கூடத்தில் நல்ல மேசையும் நாற்காலியும் இருக்கின்றன என்று கணவர் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டார். "அங்க போனா டெஸ்ட் ஓடி முடியற வரைக்கும் சும்மா உட்காரணும்" என்பது அவளுடைய பதில். சும்மா என்ற சொல் அவளுக்கு ஆகாது. அதைச் சொல்லும்போதே முகம் கசந்துபோகும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும், திரும்பத் திரும்ப அமுக்குவதால் அது வேகமாக வராது என்று கல்யாணமான புதிதில் விளக்கிப் பார்த்தார். "வராட்டி போகட்டும், எனக்கு ஒரு வேலை ஆச்சுல்ல" என்றாள். அன்றோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். துணி துவைக்கும் இயந்திரம் சுற்றி ஓயும் முன்பே கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பாள். கடைவாய்ப் பல் ஒன்று நெடுநாளாகப் படுத்துகிறது. சில காலைகளில் ஒரு பக்கக் கன்னம் வீங்கியே இருக்கும். ஆனாலும் பல் மருத்துவரிடம் போகமாட்டாள். ஊசிக்குப் பயமில்லை. அந்த முன்னறையில் வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளுக்குத்தான் பயம்.

அடுத்தவர் பேசி முடிக்கக் காத்திருப்பதும் அவளுக்குக் கஷ்டம். கீழ்வீட்டு அம்மா ஒரு நாள் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "எங்க வீட்டுல நேத்து..." என்று ஆரம்பித்தார். "தண்ணி வரலையா? எங்களுக்கும்தான்" என்று குழாய்க்காரரின் நம்பரை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். மகளுக்குக் குழந்தை பிறந்த சேதியைச் சொல்ல வந்த அந்த அம்மா, நம்பரோடு இறங்கிப் போனார்.

எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தவன் அவள் தம்பி. "சின்ன ஸ்டேஷன்ல எல்லாம் நிக்காது" என்று காரணமும் சொன்னான். பெயர் வீட்டில் ஒட்டி, அலுவலகத்தில் ஒட்டி, கடைசியில் எக்ஸ்பிரஸ் அக்கா என்றால்தான் யாருக்கும் தெரியும் என்றாகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அலுவலகத்தில் அவள் செய்வது, கடைகளுக்கு ரசீது அடிக்கும் மென்பொருளில் யாரோ என்றோ எழுதிய நிரலை ஒட்டுப்போடும் வேலை. நாள் முழுவதும் செய்தாலும் செய்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். காலை நேரம்தான் அவளுக்குச் சொந்தம். அந்த நேரத்தில் அவள் கைவைப்பது, பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள். அதற்கு முதலாளி கிடையாது, சம்பளமும் கிடையாது. நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. பல நாடுகளில் இருக்கும் முகம் தெரியாத ஆட்கள் அதில் ஆளுக்கொரு மூலையைத் திருத்தி அனுப்புகிறார்கள். அனுப்பியதை எல்லாம் ஒருவர் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார், அல்லது திருப்பி அனுப்புவார்.

அந்த ஒருவர் யார், என்ன வயது, பகலில் என்ன தொழில் என்று யாருக்கும் தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரங்கொத்தியை வைத்திருக்கிறார். பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். எந்தத் திருத்தத்தை அனுப்பினாலும் வரிவரியாகக் கொத்துவார். இந்தப் பெயர் புரியவில்லை, இதற்குச் சோதனை எங்கே, இது ஏன் இங்கே நிற்கிறது. அக்காவின் முதல் திருத்தத்தை அவர் கொத்திய கொத்தில் அவள் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். "இந்த ஆளு வீட்டுல யாராவது நிம்மதியா சாப்பிட முடியுமா?" என்றாள். ஆனால் மறுநாள் காலை அத்தனையையும் சரிசெய்து அனுப்பினாள். அவர் சேர்த்துக்கொண்ட அன்று, தம்பிக்குப் போன் போடக்கூட மறந்து, வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தாள்.

இத்தனையும் தம்பிக்காகத்தான். அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பார்வை போய்விட்டது. இப்போது ஒரு பெரிய மருத்துவமனையில், டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு வரும் போன்களை எடுக்கும் வேலை. ஒரு காதில் பேசுகிறவரின் குரல், மறு காதில் இந்த மென்பொருளின் குரல். அதை அவன் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர் கேட்டால், சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி ஒரு படபடப்புதான் கேட்கும். அவனுக்கு அதில் டாக்டர் பெயர், தேதி, நேரம் எல்லாம் தனித்தனியாக விழும். அவன் வாயோ நேர் எதிர். நிறுத்தி, யோசித்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்வரை இடைவெளி விட்டுத்தான் அடுத்த சொல்லை எடுப்பான். அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டால் பாதிப் பேச்சு அக்காவுடையது. தம்பியின் பாதியிலும் பாதி அவளுடையது.

ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன், "அக்கா, அந்த சாஃப்ட்வேர் இருக்கே, அது கொஞ்சம் மெதுவா..." என்று ஆரம்பித்தான். "மெதுவா இருக்கா? ஓசியில குடுத்தா அப்படித்தான். நான் பார்க்கறேன் விடு" என்றாள். பார்க்கவும் செய்தாள். அங்கிருந்துதான் காலை நேரப் பட்டாணியும் பச்சைப் புள்ளியும் ஆரம்பமாயின.

அப்படிப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒரு நாள் அந்த வரி கண்ணில் பட்டது. ஒவ்வொரு தகவலையும் வாசித்து முடித்ததும் ஒரு சின்னஞ்சிறு நேரம் காத்திரு என்று நிரலில் ஒரு வரி. ஏன் காத்திருக்க வேண்டும், யாருக்காக என்று ஒரு குறிப்பும் இல்லை. எழுதியவர் எப்போதோ திட்டத்தை விட்டே போய்விட்டிருந்தார். எக்ஸ்பிரஸ் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலை செய்யாமல் நிற்பதற்கென்றே ஒரு வரி! "தண்டச்சோறு" என்று சொல்லி அதை அழித்தாள். எல்லாச் சோதனைகளும் பச்சையாகத் தேறின. மரங்கொத்தியே கொத்த இடமில்லாமல், வாசிப்பு நன்றாக வேகம் கூடியிருக்கிறது என்று ஒரு பாராட்டோடு சேர்த்துக்கொண்டார். புதிய பதிப்பு வெளிவந்ததும் முகம் தெரியாத பலர் நன்றி எழுதினார்கள். அந்த நன்றிகளை அவள் கணவருக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வழக்கம்போலச் சாப்பிட வந்தான். மடக்குக் கோலைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரியில என் சீட்டை மாத்தப் போறாங்க..."

"ப்ரமோஷனா? நான்தான் அப்பவே சொன்னேனே! என்னங்க, கேட்டீங்களா?"

அவள் முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு சொன்னான்.

"ப்ரமோஷன் இல்ல. போனை எடுத்துடறாங்க. பின்னாடி ரூம்ல பழைய ரெக்கார்டிங் எல்லாம் கேட்டு அடுக்கி வைக்கணுமாம்."

"ஏன்டா?"

"தப்பு தப்பா தேதி சொல்றேன்க்கா. ரத்த டெஸ்ட்டுக்கு வர வேண்டிய ஒரு பெரியவர், வெறும் வயித்தோட வந்து காலையில இருந்து உட்கார்ந்திருக்கார். அவருக்கு அடுத்த வாரம்தான். நான்தான் மாத்திச் சொல்லியிருக்கேன். மயக்கம் போட்டு விழுந்துட்டார்."

கரண்டி குழம்புச் சட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"அந்த சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்துச்சு. அதுல இருந்து எல்லாம் ஒட்டிக்கிட்டு வருது. முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு ஒரு சின்ன கேப் விடும். அந்த கேப்புலதான் நான் போன்ல இருக்கறவங்ககிட்ட பேசுவேன். இப்ப நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்ததைச் சொல்லி முடிச்சிடுது. எவனோ ஒரு புண்ணியவான் அந்த கேப்பைத் தூக்கிட்டான்."

"ஸ்பீடைக் குறைச்சு வெச்சுக்கோயேன் மாப்ளே" என்றார் கணவர்.

"பார்த்தேன் மாமா. குறைச்சாலும் எல்லாம் சேர்ந்தே இழுத்துக்கிட்டு வருது. பழைய வெர்ஷனைப் போடலாம்னா அந்த கம்ப்யூட்டர்ல யாரும் கைவைக்க முடியாது. புதுசு தானா வந்து உட்கார்ந்துக்கும். இந்த வாரம் பார்க்கலாம்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காங்க. சரியாகலன்னா அடுத்த திங்கக்கிழமையில இருந்து பின்னாடி ரூம்."

அவள் தம்பியின் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். "என்ன, சத்தத்தையே காணோம்? பல்லு வலியா?" என்றார் கணவர். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள்.

நிரலில் எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார் என்று காட்ட ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பெயரே 'பழி' என்று பொருள்படும் சொல்தான். மறுநாள் காலை அவள் அந்தக் கட்டளையைப் போட்டுப் பார்த்தாள். அந்த இடத்தைச் சுற்றியிருக்கும் எந்த வரியிலும் அவள் பெயர் இல்லை. எழுதிய வரிக்குப் பக்கத்தில்தான் பெயர் நிற்கும். அழித்த வரிக்குப் பக்கம் ஏது? பழைய வரலாற்றைத் தோண்டினால்தான் தெரியவரும், யாரும் தோண்டமாட்டார்கள். சத்தமில்லாமல் அந்த வரியைத் திரும்பச் செருகிவிட்டு அலுவலகம் போய்விடலாம். அப்படி ஒரு நினைப்பு வந்துபோனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டாணி அன்று உரிபடவில்லை.

புகார்ப் பகுதியைத் திறந்தாள். 'வாசிப்பு நெருக்கமாக இருக்கிறது', 'ஏதோ மூச்சு முட்டுகிறது' என்று ஏற்கெனவே இரண்டு பேர் எழுதியவை பதிலின்றிக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, இதைக் கெடுத்தது நான், என் திருத்தத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று தன் பெயரிலேயே எழுதினாள்.

மரங்கொத்தி விடவில்லை. போன மாதம் இதே இடத்தில், இந்தக் காத்திருப்பு வீண் என்று நீங்கள்தானே எடுத்தீர்கள் என்றார். வேகம் பிடித்திருக்கிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவருடைய வசதிக்காக எல்லோரையும் நிறுத்த முடியாது என்றார். அந்த இடைவெளி தேவை என்பதைக் காட்டுங்கள், காட்டாமல் சேர்க்கமாட்டேன் என்றும் முடித்தார். ஒவ்வொரு கொத்தும் நியாயமாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள். அவன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். இவளே சுவரைத் தடவிப் போட்டாள். தன் கணினியில் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். "நீ எப்படி வேலை பார்ப்பேன்னு எனக்குக் காட்டு" என்றாள்.

"நீ கேட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்று அவள் ஒரு காதில் ஹெட்போனை மாட்டினான். அவளுக்காக வேகத்தை நன்றாகக் குறைத்து வைத்தான். தானே போன் செய்கிறவனாக மாறி, "அம்மா, காது டாக்டர் என்னிக்கு இருப்பாரு?" என்றான். முதலில் புதிய பதிப்பு. அவள் டாக்டர் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காதில் கிழமை ஓடிவிட்டது. கிழமையைப் பிடிக்கப் போனாள்; நேரம் போய்விட்டது. "இரு இரு, நான் சொல்லி முடிச்சிக்கறேன்!" என்று ஹெட்போனைப் பார்த்துக் கத்தினாள். தம்பி சிரித்துவிட்டான். பிறகு பழைய பதிப்பைப் போட்டார்கள். பெயர் வந்தது, சின்ன இடைவெளி வந்தது, அதில் பெயரைச் சொன்னாள். கிழமை வந்தது, இடைவெளி வந்தது, கிழமையைச் சொன்னாள். மூன்றாம் முறை தடுமாற்றமே இல்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"டேய், அந்த புண்ணியவான் நான்தான்டா."

தம்பி திரும்பினான். "எந்த புண்ணியவான்?"

"கேப்பைத் தூக்கினது. நான்தான். சும்மா நிக்குதேன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள், "நீதானேடா மெதுவா இருக்குன்னு சொன்ன!" என்றாள்.

"நான் சொல்லி முடிக்கவே இல்லையேக்கா" என்றான். கோபமாகத்தான் சொன்னான். "ஆன் பண்ணும்போது மெதுவா வருது, ஆனா அது விட்டு விட்டுச் சொல்றது எனக்கு ரொம்ப வசதியா இருக்குன்னு சொல்ல வந்தேன். நீ எங்க கேட்ட? பெரியவர் மயங்கி விழுந்தப்ப நான்தான் தப்பு பண்ணேன்னு நினைச்சேன். என் காது போச்சுன்னு நினைச்சேன்."

பிறகு மரங்கொத்திக்குக் காட்டுவதற்கென்று இருவருமாக, அவன் இரண்டு பதிப்பிலும் வேலை பார்ப்பதைப் பதிவு செய்தார்கள். போன் செய்கிறவளாக அவள் கேட்டாள், அவன் தன் வேகத்தில் பதில் சொன்னான். புதிய பதிப்பில் அவன் தடுமாறிய இடங்களைக் கேட்கும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளம்பும்போது அவன் வழக்கமாக வாசல்வரை வருவான், அன்று வரவில்லை.

பதிவுகளை மறுநாள் காலை அனுப்பினாள். மரங்கொத்தி இரண்டையும் கேட்டிருக்கிறார். அடுத்த பதில் கொத்தாமல் வந்தது. திட்டத்தின் மற்ற ஆட்களும் கேட்டார்கள். தொலைபேசியில் கடன் வசூலிக்கும் ஒருவர், விமான நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் ஒருவர் என்று, காதொன்றும் வாயொன்றுமாகப் பிழைக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம் என்று எழுதினார்கள். இடைவெளி எல்லோருக்கும் இருக்கட்டும், வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு வசதி வைக்கலாம் என்று முடிவாயிற்று. கடைசியாக மரங்கொத்தி ஒரே ஒரு கொத்துக் கொத்தினார். இந்த வரி எதற்கு என்று மேலே எழுதுங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் வந்து அழிப்பார்.

அக்கா அன்று நின்றுகொண்டு தட்டவில்லை. கணினியைக் கூடத்து மேசைக்குக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். 'இது சும்மா நிற்கும் நேரம் அல்ல. கேட்கிறவர் இப்போது பேசிக்கொண்டிருக்கலாம்.' கணவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவு சின்னதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார்.

அவசரத் திருத்தமாகப் புதிய பதிப்பு வாரக் கடைசியில் வெளிவந்தது. அது மருத்துவமனைக் கணினிக்கு எப்போது போய் உட்காரும், சூப்பர்வைசர் அதற்குள் என்ன முடிவு செய்திருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. தம்பியைக் கேட்கலாம். ஆனால் அவன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. "வேலை இருக்குக்கா" என்று போனை வைத்துவிட்டான். கதவோரத்து ஆணி காலியாக இருந்தது. அன்று அவள் சமைத்தது யாருக்கும் பிடிக்கவில்லை, அவளுக்கும்தான்.

திங்கட்கிழமை அலுவலக இடைவேளையில் படிக்கட்டுப் பக்கம் வந்து, தம்பியின் நம்பரை விட்டுவிட்டு, எல்லோரும் கூப்பிடும் மருத்துவமனை நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. தம்பியின் இடத்தில் ஒரு பெண் குரல் வந்துவிடுமோ என்று படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம். அப்பாயின்ட்மென்ட் பிரிவு. சொல்லுங்க."

தம்பிதான். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பல் டாக்டரைப் பார்க்கணும்" என்றாள்.

அதே அலுவலகக் குரலில், "யாருக்குங்க?" என்றான்.

"எனக்குத்தான்."

"வயசு?"

"நாற்பத்தாறு."

"நாற்பத்தெட்டுன்னு போட்டுக்கறேன். வலி ரொம்ப நாளா இருக்குங்களா?"

"ரொம்ப நாளா."

"அப்புறம் ஏன் வரலை?"

"வந்தா உட்கார்ந்திருக்கணுமே."

"உட்கார்ந்துதாங்க ஆகணும். இங்க எல்லாரும் அப்படித்தான்."

"சரிப்பா. உட்கார்றேன்."

"இருங்க, பார்த்துச் சொல்றேன்."

அவன் ஹெட்போனிலிருந்து அந்த எண்ணெய்ப் படபடப்பு போனுக்குள் மெல்லக் கசிந்து வந்தது. வந்து, நின்றது. நின்ற அந்த இடத்தில் அவன் குரல் நிதானமாக, "வியாழக்கிழமை டாக்டர் இருக்காங்க" என்றது. மறுபடி படபடப்பு. மறுபடி நின்றது. அவன் யோசிப்பது கேட்டது.

'காலையிலயா?' என்பது அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் அக்கா உள்ளங்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தியபடி காத்திருந்தாள்.